தேதியில்லாத ராஜினாமாக்கள்

போன மாதம் டிவியில் ஒரு எம்.எல்.ஏ. அழுதுகொண்டிருந்தார். அவருடைய ராஜினாமா வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிட்டதாம். நான் அனுப்பவே இல்லை, கட்சிக்காரர்கள் என் போனை வாங்கி அனுப்பிவிட்டார்கள் என்று மூக்கைச் சிந்துகிறார். லேக் கார்டன்ஸில் நமது தமிழ்ச் சங்கத்து அறையில் பத்துப் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேங்க், கம்பெனி, சர்க்கார் என்று ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் ஒருத்தன்தான் ஆறாம் வகுப்பு.

"என் காலத்தில் இதை எவ்வளவு சுத்தமாகச் செய்தோம்!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"எதைச் சுத்தமா செஞ்சீங்க முருகேசன்?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். எல்லோருடைய டீயும் ஆறிப்போயிற்று. சங்கத்து ஆண்டு மலர் போடுகிறவர், "இதை அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க, வேறெந்தக் கட்டுரையும் வேண்டாம்" என்றார். பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்ளட்டும். எழுத்தில்தான் இருக்கும், விஷயத்தில் இருக்காது.

என் அப்பா சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் கலாசி, பாரம் தூக்குகிற வேலை. விழுப்புரத்துப் பக்கத்து மனிதர். ஆறாம் வகுப்பில் எனக்கும் கணக்கு வாத்தியாருக்கும் தகராறு வந்தது. வாத்தியார் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார், நான் வெளியே வந்தேன். ஹவுராவில் ஒரு இரும்பு அலமாரிப் பட்டறையில் பூட்டு வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு வருஷத்தில் நான் திறக்க முடியாத பூட்டு ஹவுரா ஜில்லாவில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் சட்டசபைக் கட்டிடத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு கட்சிக்கு ஒதுக்கிய அறையில் அலமாரிச் சாவி தொலைந்துவிட்டது, உள்ளே அவசரமான காகிதம் இருக்கிறது என்றார்கள். எங்கள் மேஸ்திரி போயிருந்தால் கதவையே அறுத்திருப்பார். நான் காதைக் கதவில் வைத்துக்கொண்டு ஒரு கம்பியை விட்டு நாலு நிமிஷத்தில் திறந்தேன். ஒல்லியாக, வெள்ளை வேட்டியில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இவனை ஒன்று போலீசில் பிடித்துக் கொடுக்கணும், இல்லாவிட்டால் நாமே வைத்துக்கொள்ளணும்" என்றார். இரண்டாவதைச் செய்தார்கள். பியூன் என்று பெயர். இருபத்தெட்டு வருஷம் இருந்தேன்.

அந்த ஒல்லி மனிதர்தான் கேதார் பாபு, கட்சியின் தலைமைக் கொறடா. எம்.எல்.ஏ.க்கள் எந்தப் பக்கம் கையைத் தூக்கணும் என்று உத்தரவு போடுகிறவர். அந்த உத்தரவை மீறினால் பதவியைப் பறிக்கக் கட்சி மனுப் போடலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு வக்கீல் வேண்டும், விசாரணை வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். எங்கள் கட்சிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எங்களிடம் அலமாரி இருந்தது.

அலமாரிக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன். கட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது உடைந்து, உடைந்த துண்டும் உடைந்து, இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தேர்தலுக்கு ஆள் நிறுத்தும்போது எல்லா வேட்பாளர்களையும் ஒரு ஹாலுக்கு வரவழைப்பார்கள். ஒரு கையில் சந்தேஷ் இனிப்புக் கொடுப்பார்கள், இன்னொரு கையில் வெள்ளைக் காகிதம். "மாண்புமிகு சபாநாயகர் அவர்களுக்கு, சொந்தக் காரணங்களால் என் சட்டசபை உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்கிறேன்." இரண்டே வரி. சொந்தக் கையால் எழுதணும், கையெழுத்துப் போடணும். வலது மூலையில் தேதிக்கு மட்டும் இடம் விடணும். இன்னும் ஓட்டுக்கூடப் பதிவாகவில்லை, அதற்குள் ராஜினாமா! தோற்றவர்களின் கடிதத்தைத் தேர்தல் முடிந்ததும் நானே கிழிப்பேன். ஜெயித்தவர்களின் கடிதம் அலமாரிக்குள் போகும். என்றைக்காவது ஒருவர் முறைத்துக்கொண்டால் தேதியைப் போட்டுச் சபாநாயகர் அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டியது.

லட்சம் பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு ஒருவரை உள்ளே அனுப்புவார்கள். அவரை வெளியே அனுப்புகிற சாவி என் இடுப்பில்.

தேதி போடுவது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். எனக்கு முன்னால் அதைச் செய்துகொண்டிருந்த கிளார்க் எம்.ஏ. படித்தவர். நீல மையில் எழுதிய கடிதத்துக்குக் கறுப்பு மையில் தேதி போட்டு, ஒரு தடவை கட்சியின் மானத்தையே வாங்கிவிட்டார். அவரை மாற்றிவிட்டு வேலையை என்னிடம் தந்தார்கள். நான் இரண்டு ஏற்பாடு செய்தேன். ஒன்று, ஹால் வாசலில் ஒரு வருகைப் பதிவேடு. பெயரும் தேதியும் எழுதிவிட்டுத்தான் உள்ளே போகணும். ஒவ்வொருவரும் எண்களை எப்படி எழுதுகிறார்கள் என்பதற்கு அதுதான் எனக்கு மாதிரி. இரண்டாவது, பேனா. கடிதம் எழுதி முடித்ததும் பக்கத்தில் போய் நிற்பேன். "தாதா, நீங்க ஜெயிக்கப் போறீங்க. இந்தப் பேனா எனக்கு ஞாபகார்த்தமா இருக்கட்டுமே" என்பேன். வங்காளியில் தாதா என்றால் அண்ணன். ஜெயிக்கப் போறீங்க என்று சொன்னால் மனிதன் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுப்பான். பேனாவில் பெயர்ச் சீட்டு ஒட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். தேதி போடுகிற அன்று அதே பேனா, அதே மை, அவருடைய எண்கள். எம்.ஏ.வுக்குத் தோன்றவில்லை, ஆறாம் வகுப்புக்குத் தோன்றியது.

ஒரே ஒரு பேனாதான் என்னைப் படுத்தியது. ஒரு டாக்டர் எம்.எல்.ஏ. பச்சை மையில் எழுதியிருந்தார். மூன்று வருஷம் கழித்துக் கடிதத்தை எடுக்கச் சொன்னபோது மை காய்ந்து கட்டியாகிவிட்டது. அந்தப் பச்சையைத் தேடி டாலிகஞ்ச் மார்க்கெட் முழுவதும் அலைந்தேன். கடைசியில் சினிமா ஸ்டுடியோவில் போர்டு எழுதுகிற ஒருவர் இரண்டு மையைக் கலந்து அதே நிறத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "எதுக்கு தாதா?" என்று கேட்டார். "ஒருத்தர் வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

அந்த டாக்டரையும் சேர்த்து மூன்று பேரை அப்படி அனுப்பினேன். சபாநாயகர் கூப்பிட்டுக் கேட்டபோது மூன்று பேரும் தலையைக் குனிந்து, "என்னுடையதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு என்ன சொல்வார்கள்? எழுத்து அவர்களுடையது. மிரட்டி வாங்கினார்கள் என்று சொன்னால், ஓட்டுக் கேட்டு வீடுவீடாகப் போவதற்கு முன்பே பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னது போலாகும். அதற்கு இது மேல் என்று போய்விடுவார்கள்.

கேதார் பாபு இருக்கிறாரே, இந்த விஷயத்தில் அவர் வாயிலிருந்து ஒரு உத்தரவு வந்ததில்லை. எலுமிச்சை டீயில் கறுப்பு உப்பைப் போட்டு வெகு நேரம் கலக்குவார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "முருகேஷ், வடக்குப் பக்கம் மழையா?" என்பார். எந்தத் தொகுதியில் மழை என்று கேட்கிறாரோ அந்தத் தொகுதியின் கடிதம் வெளியே வரணும். "வரும் போலிருக்கு பாபு" என்று சொல்லிவிட்டு நான் சாவியை எடுப்பேன். கடிதத்தை உறையில் போட்டுக் கொண்டுவந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கையால் தொட மாட்டார், கண்ணால் பார்க்க மாட்டார். என்றைக்காவது கோர்ட்டில் ஏறினால், அப்படி ஒரு காகிதத்தை நான் பார்த்ததே இல்லை என்று கீதையின் மேல் சத்தியம் செய்யலாமல்லவா? மோவாயை மட்டும் பியூன் புத்தகத்தின் பக்கம் அசைப்பார். கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வா என்று அர்த்தம்.

இத்தனை ஜாக்கிரதையான மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த ஜாக்கிரதைதான் அவரைக் கவிழ்த்தது.

ஒரு தேர்தலில் எங்கள் கட்சி இருபத்திரண்டு இடம் ஜெயித்து ஆட்சியில் பங்கு வாங்கியது. பேரத்தில் சபாநாயகர் நாற்காலியும் எங்களுக்கு வந்தது. ஒரு வயதான வக்கீலை அதில் உட்காரவைத்தார்கள். எங்கள் சாந்த்ராகாச்சிப் பக்கத்துத் தொகுதியில் ஜெயித்தவர் ஹேமா திதி, அதாவது ஹேமா அக்கா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். குரல் கணீரென்று இருக்கும். எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது என் மனைவி செண்பகத்திடம் அரைகுறைத் தமிழில் "சவுக்கியமா?" என்றார். அவ்வளவுதான், எங்கள் வீட்டு மூன்று ஓட்டும் அவருக்கே போய்விட்டது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய குளம். ரயில்வேக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் குளிக்கிறது, துவைக்கிறது, துர்க்கை சிலையைக் கரைக்கிறது எல்லாம் அதில்தான். ஒரு புரோமோட்டர் அதைத் தூர்த்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார். ராவோடு ராவாக லாரியில் மண் வந்தது. புரோமோட்டர் எங்கள் கட்சித் தலைவருக்கு வேண்டியவர். ஹேமா திதி சட்டசபையில் அதைப் பற்றிக் கேள்வி கேட்க எழுதிக் கொடுத்துவிட்டார். தலைவர் கூப்பிட்டுச் சொன்னார், கேட்கவில்லை. கேதார் பாபு போனார். "கட்சி டிக்கெட் கொடுத்தது, உண்மைதான். ஓட்டைக் குளத்தங்கரைக்காரர்கள்தான் போட்டார்கள்" என்று சொல்லி ஹேமா திதி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கேள்வி திங்கட்கிழமை வரணும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை கேதார் பாபு டீயைக் கலக்கினார்.

"முருகேஷ், சாந்த்ராகாச்சிப் பக்கம் மழையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருஷத்தில் என் சொந்தத் தொகுதிக்கு மழை வந்ததில்லை.

"இல்லை பாபு. நல்ல வெயில். துணி காயப்போட்டுட்டுத்தான் வந்தேன்."

"மழை வரும்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

"பாபு, குடைகூட எடுத்துட்டு வரலை."

"நாளைக்கு நண்பகலுக்குள் வரும்." டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஹேமா திதி வெள்ளிக்கிழமை காலை மகளைப் பார்க்க ஜம்ஷெட்பூர் போகிறார் என்று அவருக்குத் தெரியும். ஆள் ஊரில் இல்லாதபோதே காரியத்தை முடித்துவிடலாம் என்று கணக்கு.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செண்பகம் விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

"அப்போ நாம போட்ட ஓட்டு?"

"அது போச்சு."

"எப்படிங்க போகும்? நான் வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னேன். கால் வீங்கிப்போச்சு. நீங்க பேனாவை எடுத்து ஒரு தேதி எழுதினா என் ஓட்டு செல்லாதா?"

"அதான் என் வேலை."

"மத்தவங்க ஓட்டை அழிச்சீங்க, நான் வாயைத் திறக்கலை. இப்போ நம்ம வீட்டு ஓட்டையே அழிக்கறீங்க. உங்க சாமர்த்தியத்தை என்கிட்டே மட்டும்தான் காட்டுவீங்களா?"

வேறு எது சொல்லியிருந்தாலும் நான் மறுநாள் ஒழுங்காக வேலையைச் செய்திருப்பேன். சாமர்த்தியத்தைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை அலமாரியைத் திறந்தேன். ஹேமா திதியின் கடிதம், அவர் பேனா, பதிவேட்டில் அவர் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். கடிதத்தை எடுக்காமல் சாவி தொலைந்தது என்று சொல்லலாம். நான் பூட்டுக்காரன், யார் நம்புவார்கள்? கிழிக்கலாம், வேலை போகும், புதிதாக ஒன்று எழுதி வாங்க அவர்களுக்கு வழியா இல்லை? பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலுக்கு வந்த அன்று ஹேமா திதி தன் கையால் போட்ட தேதி அதில் இருந்தது. ஓட்டுப் பதிவுக்கு ஒரு மாதம் முந்தைய தேதி.

பேனாவைத் திறந்தேன். கடிதத்தின் மூலையில் அந்தத் தேதியையே போட்டேன். அவர் ஒன்பதுக்கு நீட்டுகிற வாலைக்கூட விடவில்லை. அவர் அந்தக் கடிதத்தை எழுதிய நாள் அதுதானே? என் தொழிலில் நான் போட்ட முதல் உண்மையான தேதி அது.

உறையில் போட்டுக் கேதார் பாபு முன்னால் நீட்டினேன். அவர் ஒரு தடவை உறையைப் பிரித்துப் பார்த்திருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மோவாய் அசைந்தது. பியூன் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரும் சும்மா இருக்கவில்லை. சபாநாயகரின் செயலாளருக்குப் போன் போட்டு, "ஹேமா நேற்று மாலை என் எதிரிலேயே உட்கார்ந்து, தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். பாவம், உடம்பு சரியில்லை. சீக்கிரம் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று உருகினார்.

சபாநாயகர் சீக்கிரப்படுகிற மனிதர் அல்ல. சம்பந்தப்பட்டவரை நேரில் கேட்காமல் ஏற்க மாட்டேன் என்று ஜம்ஷெட்பூருக்குப் போன் போடச் சொன்னார். ஹேமா திதி அடுத்த ரயிலில் திரும்பி வந்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சபாநாயகர் அறையில் கூடினோம். அவர், அவருடைய செயலாளர், கேதார் பாபு, ஹேமா திதி. கடிதம் கொண்டுவந்தவன் என்று என்னையும் கதவோரம் நிற்கவைத்தார்கள்.

ஹேமா திதியின் முகம் வெளுத்திருந்தது. முந்தைய மூன்று பேருக்கு நேர்ந்ததுதான் தனக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

சபாநாயகர் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார். "இது உங்கள் எழுத்தா?"

"ஆமாம் சார்."

"கையெழுத்து?"

"என்னுடையதுதான்."

கேதார் பாபு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்."

ஹேமா திதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

இப்போது அவர் ஒன்று செய்யலாம். தேதி என்னுடையது இல்லை என்று சொல்லலாம். சொன்னால் நான் ஒழிந்தேன். இன்னொன்றும் செய்யலாம். ஆனால் அதற்கு, ஓட்டுக் கேட்கப் போவதற்கு முன்பே இதை எழுதிக் கொடுத்தேன் என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளணும். அந்த மூன்று பேருக்கும் வராத தைரியம் அது.

"இந்தக் கடிதத்தை அன்றைக்குத்தான் எழுதினேன் சார்" என்றார். குரல் கணீரென்றுதான் இருந்தது. "டிக்கெட் கொடுத்த அன்று. நான் மட்டும் இல்லை, ஹாலில் இருந்த எல்லோரும் எழுதினோம். வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை."

"என்ன தேதி அது?" என்று கேதார் பாபு எழுந்து வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்னொருவர் எழுதிய அந்த மாதிரிக் காகிதம் ஒன்றைக் கண்ணால் பார்த்தார். "ஷர்பநாஷ்!" நம் பாஷையில், குடி முழுகிப்போச்சு. "சார், இது கைதவறு. கிளார்க் பிழை. நேற்றைக்கு முந்தைய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"கிளார்க்கா?" சபாநாயகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்கள் எதிரில் உட்கார்ந்து தன் கைப்பட எழுதினார் என்று நேற்று போனில் சொன்னீர்கள். அவர் கைப்பட எழுதிய கடிதத்துக்குள் கிளார்க் எங்கே வந்தார் கேதார் பாபு?"

"இல்லை, கடிதம் அவர் எழுதியது. தேதி மட்டும்..."

"தேதி மட்டும் வேறு யாரோ எழுதினார்களா? யார் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்." செயலாளர் நிஜமாகவே பேனாவை எடுத்தார்.

தேதி தப்பு என்றால் கடிதம் மோசடி. தேதி சரி என்றால் கடிதம் குப்பை. இருபது வருஷம் மழையை மட்டுமே விசாரித்தவர், அன்றைக்கு விசாரிக்க ஒரு மேகமும் கிடைக்காமல் நின்றார்.

சபாநாயகர் என் பக்கம் திரும்பினார். "நீதானே கொண்டுவந்தாய்? தேதியைப் பார்த்தாயா?"

"சார், நான் ஆறாம் வகுப்பு. உறையில் போட்டதை உறையோடு கொண்டுவந்தேன்."

பள்ளிக்கூடம் போகாதது எனக்கு எத்தனையோ தடவை உதவியிருக்கிறது. அன்றைக்கு உதவியது போல என்றைக்கும் இல்லை.

"ஹேமா தேவி, இந்தத் தேதியில் நீங்கள் சட்டசபை உறுப்பினரா?"

"இல்லை சார். ஏழாம் வகுப்புக்குக் கங்கை நதியின் போக்கைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் ஹாலுக்குப் போனேன்."

"இல்லாத பதவியை யாரும் விட முடியாது. இது செல்லாது." கடிதத்தின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "உங்கள் கேள்வி திங்கட்கிழமைப் பட்டியலில் இருக்கிறது. வந்துவிடுங்கள்."

வராந்தாவில் ஹேமா திதி என்னைத் தாண்டிப் போனவர் இரண்டடி திரும்பி வந்தார். "முருகேஷ், என் பேனாவைத் திருப்பிக் கொடு."

"திதி, ஞாபகார்த்தமா..."

"கொடு."

கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

அடுத்து கேதார் பாபு வந்தார். முகம் கருத்திருந்தது. "நீ வேண்டுமென்றே செய்தாயா?"

"எதை பாபு?"

"அதைத்தான்."

"எதை பாபு?"

சுற்றிலும் பார்த்தார். வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்கு ஒரு பெயர் சொல்லி அவர் பழகியதில்லை. பெயர் சொன்னால் அப்படி ஒன்று இருக்கிறது என்றாகிவிடும். என்னை வேலையை விட்டு அனுப்பவும் வழியில்லை. என்ன காரணம் எழுதுவார்? தேதியைத் தப்பாகப் போட்டான் என்றா? "தூர்!", அதாவது சீ போ, என்று கையை உதறிவிட்டுப் போனார்.

நான் சைக்கிளை எடுக்கப் போனேன். சபாநாயகரின் ஆள் ஓடிவந்து, ஐயா கூப்பிடுகிறார் என்றார். உள்ளே அவர் தனியாக இருந்தார்.

"கதவைச் சாத்து. முருகேஷ், நானும் அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தேன்."

"தெரியும் சார். முதல் வரிசை. சந்தேஷை வேண்டாம்னுட்டீங்க, சர்க்கரை வியாதின்னு."

"காகிதத்தை வேண்டாமென்று சொல்லவில்லை." நாற்காலியின் கையைத் தட்டினார். "சபாநாயகருக்கு என்று எழுதினேன். இப்போது நானே சபாநாயகர். என் ராஜினாமா எனக்கே வரும்."

"ஏத்துக்காதீங்க சார்."

சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதில் தேதி?" என்றார்.

"காலியா இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வக்கீலுக்கும் பூட்டுக்காரனுக்கும் அதற்கு மேல் பேச்சு எதற்கு?

நேராக எங்கள் அறைக்குப் போனேன். சனிக்கிழமை, யாரும் இல்லை. பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். இருபத்தோரு பேனா, இருபத்தோரு கடிதம். ஒவ்வொருவர் பேனாவால், ஒவ்வொருவர் எண்ணால், ஹாலில் கூடிய அந்த ஒரே நாளை எல்லாவற்றிலும் போட்டேன். கேதார் பாபு கடிதத்திலும் போட்டேன். அவரும் ஜெயித்த எம்.எல்.ஏ.தானே? மூன்று மணிக்கு முடிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான வேலை வேறு செய்ததில்லை. மற்றவர் எழுத்தைப் போல எழுதுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். முன்பு மூன்று தடவை செய்ததும் அதே குற்றம்தான். அந்த மூன்று பேருக்கு ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை வெயிலில் நின்றார்களோ, அதை நான் கேட்டதில்லை. அது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

திங்கட்கிழமை ஹேமா திதி எழுந்து கேள்வி கேட்டார். மந்திரி ஆராய்கிறோம் என்றார். லாரி நின்றது. அதற்குள் ஒரு பக்கம் தூர்ந்துவிட்டது, அங்கே இன்றைக்கு அடுக்குமாடி நிற்கிறது. மிச்சம் முக்கால் குளத்தில் செண்பகம் இன்னமும் துணி துவைக்கிறாள். வீட்டில் மெஷின் இருக்கிறது, கேட்டால்தானே? அடுத்த தேர்தலில் கட்சி ஹேமா திதிக்கு டிக்கெட் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பது அவர்கள் பாடு. நடுவில் இருக்கிற ஐந்து வருஷம் எங்களுடையது. அதை அவர் முழுக்க எங்களுக்குச் செய்து முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

அலமாரிக்கு என்ன ஆயிற்று என்று சங்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். அந்தத் திங்கட்கிழமையே கேதார் பாபு என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். புதிதாக ஒரு பூட்டும் போட்டார். இரண்டு சாவியையும் பூணூலில் முடிந்து வைத்துக்கொண்டார். உள்ளே இருப்பதை எடுத்துப் பார்ப்பாரோ என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்துச் சூடுபட்டவர், இனிமேல் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் கடிதத்திலும் அந்தப் பழைய தேதியைப் போட முடியுமா என்று என் காதில் கேட்டார்கள். "போட்டாச்சு தாதா, நிம்மதியா போங்க" என்றேன். அதற்குப் பிறகு எங்கள் கட்சி வரிசையில் கை மேல் கையாக எழுந்தது. ரோடு ஏன் போடவில்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே என்று சொந்த ஆட்சியையே கேள்வி கேட்டார்கள். கேதார் பாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது முறைத்தால் எங்கள் அறைக்குக் கூட்டிவந்து உட்காரவைப்பார். எலுமிச்சை டீ வரவழைப்பார். ஒன்றும் பேசாமல் அலமாரியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவர்களும் டீயைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்ல அலமாரி கேதார் தாதா, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கப் போவார்கள்.

ஆட்சிக்காலம் முடிகிறவரை அவர் அதைக் காவல் காத்தார். பூட்டுக்கு எண்ணெய் மட்டும் நான் போட்டுவந்தேன்.